ஊமைப்படத்துக்கு நேரில் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்னத் திரைப்படக் கழகத்தில் ஊமைப்படங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அறுபது எழுபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், திரைக்கு ஓரமாக நான். படம் முடிந்து வயரைச் சுருட்டும்போது யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். பத்து வருடமாகக் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் பாதி பதில் சொல்வதற்குள் வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிடுகிறார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊமைப்படம் என்றால் சத்தமே இல்லாமல் ஓடியதுதானே? அப்புறம் எதற்கு இசை?

படத்துக்குத்தான் வாய் இல்லை, கொட்டகைக்கு இருந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த ஜூலையிலேயே அவர்களுடைய படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன. திரை போன ஊருக்கெல்லாம் சீக்கிரமே வாத்தியமும் போய்ச் சேர்ந்தது. ஆரம்ப வருடங்களில் எல்லாக் காட்சிக்கும் வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் வாசலில் கூட்டம் சேர்ப்பதற்கு மட்டும் பாண்டு அடித்தார்கள், உள்ளே படம் சும்மாவே ஓடியது. 1910களில்தான் படம் ஓடினால் பக்கத்தில் யாராவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கமானது.

புரொஜெக்டர் இரைச்சலை மறைக்கத்தானே இசை வந்தது?

எல்லோரும் சொல்கிற காரணம் இது. கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் புரொஜெக்டரைத் தனி அறைக்குள் வைத்துச் சுவர் எழுப்பிய பிறகு இரைச்சல் போய்விட்டதே, இசையும் போயிருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. ஒரு பியானோ இருந்த இடத்தில் பெரிய நகரங்களில் முழு ஆர்கெஸ்ட்ராவே வந்து உட்கார்ந்தது.

எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. வாயசைகிறது, குரல் வரவில்லை என்றால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்ப்பது போல. யாராவது ஓர் ஆள் நம்மோடு அதே இருட்டில் உட்கார்ந்து, அதே படத்தைப் பார்த்துக்கொண்டே ஏதாவது வாசித்தால் அந்தக் கண்ணாடி போய்விடுகிறது. சந்தேகம் இருந்தால் வீட்டில் ஐந்து நிமிடம் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் என்னதான் வாசித்தார்கள்?

கையில் கிடைத்ததையெல்லாம். தெரிந்த மெட்டு, சர்ச் பாட்டு, ஓபரா துணுக்கு, அன்றைய ஹிட் பாட்டு. பெரிய இசையமைப்பாளர்கள் எழுதியதும் உண்டு. 1908-லேயே பிரான்ஸில் கமில் சான்-சான்ஸ் ஒரு படத்துக்கென்று தனியாக இசை எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் இதற்கென்றே புத்தகங்கள் வந்தன. 1919 முதல் ஜெர்மனியில் ஜுசெப்பே பெச்சே 'கினோதேக்' என்ற இசைத் துணுக்கு வரிசையை வெளியிட்டார். 1924-ல் அமெரிக்காவில் எர்னோ ரப்பே போட்ட தொகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐம்பத்திரண்டு மனநிலைகள், சந்தர்ப்பங்கள். சண்டை, துரத்தல், சாவு, ரயில், பறவை, குழந்தை என்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பட்டியல் இருக்கும், பக்கத்தில் பக்க எண் இருக்கும். சாவு வீட்டுக் காட்சி திடீரென்று குதிரைத் துரத்தலாக மாறினால் ஓரத்தில் கண்ணை ஓட்டி, பக்கத்தைப் புரட்டி, வாசித்துக்கொண்டே தாவ வேண்டியதுதான். இடது கை சாவு வீட்டிலேயே இருக்கும், வலது கை பக்கம் திருப்பும்.

படக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. இந்தத் தலைப்பு அட்டை (காட்சிக்கு நடுவே எழுத்தில் வரும் வசனம்) வந்ததும் இந்த மெட்டு, இத்தனை நிமிடம் என்று குறிப்புத் தாள் அச்சடித்துப் படப் பெட்டியோடு அனுப்பினார்கள். பின்பற்றியவர்களும் உண்டு, ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்கு வாசித்தவர்களும் உண்டு.

வாசித்தவர்களில் பலர் பெயர் தெரியாதவர்கள். ஒருவரை உலகத்துக்கே தெரியும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச். அப்பா இறந்த பிறகு குடும்பச் செலவுக்காக, மாணவராக இருந்தபோதே லெனின்கிராட் தியேட்டர்களில் பியானோ வாசித்தார். 1929-ல் 'நியூ பாபிலோன்' என்ற ஊமைப்படத்துக்கு முழு இசையையும் எழுதினார்.

தியேட்டர் ஆர்கன் என்கிறார்களே, அது என்ன?

ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதில் ஓர் ஆளுக்குக் கொடுத்தால் போதும் என்ற முதலாளிக் கணக்கில் வளர்ந்த வாத்தியம். உர்லிட்சர் கம்பெனியுடையது ரொம்பப் பிரபலம். சுவருக்குப் பின்னால் குழாய்கள், முன்னால் ஒருத்தர் கையும் காலுமாக வாசிப்பார். குழாய் ஓசை மட்டுமில்லை, மேளம், மணி, பறவைச் சத்தம், கார் ஹாரன், குதிரைக் குளம்பு எல்லாம் அதே மேஜையிலிருந்து வரும்.

நம்ம ஊரில் ஊமைப்படத்துக்கு யார் வாசித்தார்கள்?

முதலில் படம் காட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சி ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-ல் ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு டெண்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். அந்த ரோட்டுக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். அங்கே துணி, எலக்ட்ரிக் சாமான் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

டெண்ட் கொட்டகையில் கிராண்டு பியானோவை எதிர்பார்க்காதீர்கள். ஆர்மோனியம், தபலா, சில இடங்களில் பிடில். அதைவிட முக்கியமான ஆள் ஒருத்தர் உண்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர். தலைப்பு அட்டையைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். அவர் சத்தமாகப் படிப்பார், விளக்குவார், வில்லனைத் திட்டவும் செய்வார். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒன்றும் புதுசில்லை. ஜப்பானில் இதே வேலையைச் செய்தவர்களுக்கு 'பென்ஷி' என்று பெயர். அங்கே நடிகரைவிட பென்ஷியின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

அப்படியானால் தமிழ் ஊமைப்படம் ஒன்றைப் போட்டு வாசிக்க வேண்டியதுதானே?

படம் வேண்டுமே! நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். அதில் ஒரு அடி பிலிம்கூட மிச்சமில்லை. இந்தியாவில் சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. துண்டு துணுக்கையும் சேர்த்து இன்று இருப்பவை முப்பதைச் சுற்றித்தான். அன்றைய நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் உளுத்துப் போகும். டாக்கி, அதாவது பேசும் படம், வந்த பிறகு இதையெல்லாம் யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்? அமெரிக்காவிலும் பெரிதாக வித்தியாசமில்லை. அங்கே எடுத்த முழுநீள ஊமைப்படங்களில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுசாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-ல் கணக்கிட்டது.

தெற்கே தப்பிப் பிழைத்த ஒன்றின் கதையைக் கேளுங்கள். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா', 1933. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து எடுத்தது. பதிப்புரிமை எங்களுடையது என்று நாவலைப் பதிப்பித்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, படம் திருவனந்தபுரத்தில் ஓட ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. பெட்டி பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஓடித் தேய வேண்டிய படம் வழக்கில் மாட்டியதால் பிழைத்தது. சுந்தர்ராஜுக்கு மட்டும் இதில் ஆறுதல் எதுவும் இருந்திருக்காது, பாவம்.

நீங்கள் வாசிப்பது எழுதி வைத்ததா, அப்போதைக்கப்போது தோன்றுவதா?

மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, படம் வந்த காலத்தில் எழுதிய இசையையே தேடி எடுத்து வாசிப்பது. இன்னொன்று, இன்றைய ஆள் புதிதாக எழுதுவது. மூன்றாவது, திரையைப் பார்த்துக்கொண்டே கற்பனையில் வாசிப்பது. நான் மூன்றாம் ரகம். ஆனால் படத்தைக் குறைந்தது நான்கு தடவை பார்த்துவிடுவேன். ஆளுக்கொரு சின்ன மெட்டு, இடத்துக்கொரு சுதி, முடிவுக்கு எப்படி வந்து சேர்வது என்பது மட்டும் கையில் இருக்கும். மற்றதெல்லாம் அன்றைய தினத்துக்கு.

பழைய இசை எழுத்தில் இருப்பதன் அருமைக்கு 'மெட்ரோபொலிஸ்' படம் ஒன்று போதும். 1927-ல் பெர்லினில் வெளியானபோது காட்பிரீட் ஹூப்பெர்ட்ஸ் இசை எழுதியிருந்தார். படத்தைச் சீக்கிரமே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டியவை தொலைந்தே போயின. 2008-ல் புவெனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட முழுப் படம், கீறல் விழுந்த 16 எம்.எம். பிரதியாகக் கிடைத்தது. எந்தக் காட்சிக்குப் பின் எது வரும் என்று குழப்பம் வந்தபோது ஹூப்பெர்ட்ஸின் இசைத் தாளைப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் 'இங்கே இது தெரியும்' என்று குறித்து வைத்திருந்தார். படம் மறந்ததை இசைத் தாள் ஞாபகம் வைத்திருந்தது.

வாசிக்கும்போது என்னதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்?

ஒரே ஒரு விஷயத்தை. திரையில் இருக்கிற ஆளுக்குத் தெரிந்ததைவிட என் கைக்கு அதிகம் தெரிந்துவிடக் கூடாது.

ஓர் உதாரணம். பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்', 1926. கீட்டன் ரயில் என்ஜின் டிரைவர். பட்டாளத்தில் சேராத உன்னிடம் பேசமாட்டேன் என்று காதலி சொல்லிவிட்டுப் போகிறாள். அவர் போய் என்ஜின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிறார். உள்ளே யாரோ என்ஜினைக் கிளப்புகிறார்கள். சக்கரம் சுற்ற, தண்டு மேலே போகிறது, கீழே வருகிறது, அவரும் உட்கார்ந்தபடியே மேலும் கீழும் போகிறார். அவருக்குத் தெரியவில்லை. என்ஜின் கொட்டகைக்குள் நுழையப் போகும்போதுதான் திடுக்கிட்டு விழிக்கிறார்.

முதல் தடவை இதற்கு நான் ரயில் தாளம் போட்டேன். சிரிப்பே வரவில்லை. அடுத்த தடவை, அவர் உட்காரும்போது வாசித்த சோக மெட்டையே அப்படியே தொடர்ந்தேன், வேகம்கூட மாற்றவில்லை. அரங்கம் குலுங்கியது. துக்கத்தில் இருப்பவருக்குத் தான் நகர்வது தெரியவில்லை என்பதுதான் சிரிப்பு. நான் தாளம் போட்டு அதைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்!

அந்தப் படத்தில் இன்னொரு பொறி உண்டு. முக்கால்வாசிப் படம் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே தடதடவென்று வாசித்தால் இருபதாவது நிமிடத்தில் ஆட்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

கூட்டம் சிரிக்கும்போது என்ன செய்வீர்கள்?

தணிந்து வாசிப்பேன். சிரிப்புக்கு மேலே வாசித்தால் சிரிப்பை அமுக்கியதாகிவிடும். ஹெரால்டு லாயிட் கட்டடத்தில் ஏறிக் கடிகார முள்ளில் தொங்குகிற 'சேஃப்டி லாஸ்ட்' (1923) போடும் நாளில் கடைசி இருபது நிமிடம் நான் வாசிப்பது பாதிதான். மீதி அரங்கத்தின் 'ஐயோ'தான். ஒரு தடவை முன்வரிசைப் பாட்டி ஒருத்தர், "டேய், இறங்குடா!" என்று கத்தினார். அதற்குமேல் இசை எதற்கு? இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் லாயிட் 1919-ல் ஒரு விபத்தில் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர். செயற்கை விரல் வைத்த உறையைப் போட்டுக்கொண்டுதான் அந்தத் தொங்கல்.

பழைய படத்தில் எல்லோரும் ஏன் தடதடவென்று ஓடுகிறார்கள்?

அவர்கள் ஓடவில்லை, நாம்தான் ஓட்டுகிறோம். அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 சட்டகம் (பிலிமில் உள்ள ஒரு தனிப் படம்), 18, 20 என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். டாக்கி வந்த பிறகு 24 என்று நிலைத்தது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் கோமாளித்தனம்தான். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம். ஆயிரம் அடி ரீல், நொடிக்கு 16 வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். அதையே 24-ல் ஓட்டினால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும்.

வாசிக்கிறவன் கழுத்துக்கு இது கத்தி. ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வீட்டில் மெதுவாக ஓடும் பிரதியைப் பார்த்துத் தயார் செய்திருந்தேன். அவர்கள் கடைசி நேரத்தில் வேறொரு பிரதியைப் போட்டுவிட்டார்கள். காதலர்கள் சேர்ந்து, 'முற்றும்' வந்து, விளக்கும் போட்ட பிறகு நான் இன்னும் பிரிவுத் துயரத்தில் இருந்தேன். அதிலிருந்து எந்தப் பிரதி, எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்காமல் போவதில்லை.

கர்நாடக இசை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் எல்லாமே இல்லை. ஆலாபனை அற்புதமாகப் பொருந்தும். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நீட்டலாம், காட்சி மாறினால் ஒரு ஸ்வரத்தில் திரும்பிவிடலாம். கீர்த்தனை கஷ்டம். பல்லவியைத் தொட்டதும் கேட்கிறவர் மனதில் சாகித்யம் ஓட ஆரம்பித்துவிடும், படத்தை விட்டுவிடுவார். சினிமாப் பாட்டு இன்னும் மோசம். ஒரு பிரிவுக் காட்சியில் கை தவறிப் பிரபலமான மெட்டொன்றில் நாலு ஸ்வரம் விழுந்தது. பின்வரிசை முழுக்க முணுமுணுத்தது. கதாநாயகியை யாரும் வழியனுப்பவில்லை.

தாளத்தில் வேறு சிக்கல். எங்களோடு ஒரு மிருதங்கக்காரர் வாசித்தார். நல்ல கை. இடைவேளையில் வந்து, "கோர்வை முடியறதுக்குள்ள ஷாட் முடிஞ்சிடுது சார்" என்றார். கணக்குப் போட்டு வாசிக்கும் கோர்வையை முடித்து, தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து சேர்வதுதான் அவர் பழக்கம், படம் சமத்துக்காகக் காத்திருக்காது. இரண்டாம் பாதியில் கணக்கை விட்டுவிட்டு வெறும் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், கும்கி என்ற கனத்த ஒலியை மட்டும் கொடுத்தார். அன்றைக்கு அதுதான் நின்றது.

இந்திய இசையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் உண்டு. ஹிமான்ஷு ராயும் ஜெர்மன் இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து தாஜ்மகாலைக் கட்டிய கதையாக எடுத்த 'ஷிராஸ்' (1928) படத்துக்கு அனுஷ்கா ஷங்கர் 2017-ல் புது இசை எழுதி, லண்டனில் நேரில் வாசித்து, பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். அதே இருவரின் சூதாட்டக் கதை 'எ த்ரோ ஆஃப் டைஸ்' (1929). அதற்கு நிதின் சாஹ்னி எழுதிய இசையை 2007 ஆகஸ்ட் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் திறந்தவெளியில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

யூடியூபில் இசையோடு இருக்கிறதே, அது போதாதா?

பார்ப்பதற்குப் போதும். ஆனால் அங்கே பலர் ஏற்றியிருப்பது எந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லாத பியானோ ஒலிநாடா. சாவுக் காட்சியிலும் துள்ளிக்கொண்டிருக்கும். காப்பகங்கள் தாங்களே ஏற்றியதைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் தெருவில், கல்லூரியில் நாங்களே நடத்தலாமா?

தாராளமாக. முதலில் உரிமை. இந்தியச் சட்டப்படி படத்துக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். அமெரிக்காவில் 1929 வரை வெளியானவை 2025 ஜனவரியோடு பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் செப்பனிட்ட பிரதியோடு வரும் புது இசைக்கும் புது அட்டைகளுக்கும் தனி உரிமை இருக்கலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் வாசிப்பவரைத் திரைக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள், கழுத்து போய்விடும். பக்கவாட்டில் போடுங்கள். விளக்கின் வெளிச்சம் திரையில் விழக் கூடாது. டேப்லெட்டைப் பார்த்து வாசிக்கிறவர்கள் அதன் வெளிச்சத்தைக் குறைக்க மறந்துவிடுவார்கள், முழுப் பேய்ப்படமும் அவர் முகத்தில்தான் நடக்கும். ஆங்கில அட்டைகளைத் தமிழில் ஒருவர் சத்தமாகப் படித்தால் குழந்தைகளும் பாட்டிகளும் நிற்பார்கள். டெண்ட் கொட்டகை முறைதான், இன்றைக்கும் செல்லும். வாசித்தவருக்குப் பணம் கொடுங்கள். சமோசா அதற்குப் பிறகு.

முதல் தடவைக்கு எந்தப் படம்?

கீட்டனின் 'ஷெர்லக் ஜூனியர்'. முக்கால் மணி நேரம்தான், ஆறு வயசுக்கும் அறுபதுக்கும் ஒத்துவரும். அபெல் கான்ஸின் 'நெப்போலியன்' மாதிரி ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகிறவற்றை முதல் நாளே தொடாதீர்கள்.

நான் மோர்சிங் வாசிப்பேன். சேர்த்துக்கொள்வீர்களா?

வாருங்கள். ஒரு காட்சிக்கு வாத்தியத்தை எடுக்காமல் என் பக்கத்தில் உட்காருங்கள், எங்கே வாசிக்க வேண்டாம் என்று முதலில் பார்ப்போம். 'நாஸ்ஃபெராட்டு' என்ற பேய்ப்படத்தில் அந்த ரத்தக்காட்டேரி கப்பலின் அடித்தளத்தில் சவப்பெட்டிக்குள்ளிருந்து விறைப்பாக அப்படியே எழுந்து நிற்கிற ஓர் இடம் உண்டு. கீபோர்டில் எதைப் போட்டாலும் அதற்குப் போதவில்லை. அதை உங்களுக்கு வைத்திருக்கிறேன்.